பதினோரு மாதம்

விஸ்கான்சினில் ஓர் ஏரிக்கரைச் சரிவு, மே மாதம்.
பாறை இடுக்கில் தலைகீழாய்த் தொங்கியது.
வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள்,
முதுகுப் பக்கம் ஐந்து கொம்பு.
கொலம்பைன் என்றாள் பக்கத்து மேசை டெப்ரா.
யார் நட்டது என்று கேட்டேன்.
அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

ஜூலையில் புராஜெக்ட் முடிந்தது.
காய்கள் நெற்றாகி, வாய் பிளந்து, நிமிர்ந்து நின்றன.
பூவாய் இருந்தவரை குனிந்திருந்ததுகள்.
ஒன்றைக் கவிழ்த்தேன்.
உள்ளங்கையில் கடுகு.
கடுகேதான், எண்ணெயில் போட்டால் வெடிக்கும் போல.

பள்ளிக்கரணை, நான்காவது மாடி.
நாலு பேர், ஒரு ஃபிரிட்ஜ்.
இந்த விதைக்கு ஒரு பனிக்காலம் வேண்டுமாம்,
அறுபது நாள், ஈரமாய், உறையாமல்.
இல்லையென்றால் எந்த மண்ணில் போட்டாலும்
அசையாது.
சென்னையில் பனிக்காலம்
இரண்டாம் தட்டில் மட்டும்தான் கிடைக்கிறது.

நனைத்த டிஷ்யூவில் பரப்பி,
உள்ளே தெரிகிற டப்பாவில் மூடி,
எழுதி ஒட்டினேன்: சாப்பாடு அல்ல.
மாவுப் பாக்கெட்டுக்கும்
ஹெப்சிபாவின் இன்சுலினுக்கும் நடுவே
ஒரு ஏரிக்கரை.

"பூச்சி வளக்கறியா?" என்றாள் வினோதா.
நூர்ஜஹான் ஒன்றும் கேட்கவில்லை.
ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு
அவனோடு போனில் சண்டை போடுவாள், அரை மணி நேரம்.
எதையும் எடுக்கமாட்டாள்.
முகத்துக்குக் குளிர்ச்சியாக இருக்குமாம்.
கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று
நான்தான் கத்துவேன்.

டிசம்பர் புயல்.
இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை.
கீழே சதுப்பு நிலம் தன் பழைய இடத்தைக் கேட்டு
பார்க்கிங்குக்குள் வந்து நின்றது.
மாவு பொங்கி மூடியைத் தள்ளியது.
நான் ஆபீசில் மாட்டிக்கொண்டேன்.
திரும்பி வந்தபோது டப்பாவைக் காணோம்.
"பானைக்குள்ள இருக்கு," என்றாள் ஹெப்சிபா.
ஈரத்துணி சுற்றிய இன்சுலினோடு
என் கடுகையும் வைத்திருந்தாள்.
யாரும் சொல்லவில்லை அவளிடம்.

ஐம்பத்து நான்காம் நாள்
தயிரை எடுக்கப் போனவள் வினோதா.
"ஏய், உன் பூச்சி பச்சையா இருக்கு!"

அப்போதுதான் அந்தக் குறிப்பை
முழுசாகப் படித்தேன்.
குளிர் மட்டும் போதாது,
இந்த விதை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.
எந்த வெளிச்சம்?
கதவு மூடினால் இருட்டுக் கிடங்கு அது.

கதவு மூடினால்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து மூணு மணிக்குத்
தண்ணீர் தேடிய வினோதா.
ஊசிக்காக விடிவதற்கு முன் ஹெப்சிபா.
பசியில்லாமல் சும்மா திறந்து பார்த்து
மூடுகிற நான்.
அப்புறம் நூர்ஜஹானின் சண்டைகள்,
ஒவ்வொன்றும் ஒரு நீண்ட பகல்.
மஞ்சள் பல்பு, பதினைந்து வாட்.
அதை நம்பித்தான் இது
வசந்தம் வந்துவிட்டதாக முடிவெடுத்திருக்கிறது.

வாட்டர் கேனை அறுத்து மண் நிரப்பி
சமையலறை ஜன்னலில் வைத்தோம்.
கொத்தமல்லி போல இலை.
காய்கறிக்காரர் கூட ஏமாந்தார்.

இந்த வருடம் பூக்காது.
முதல் வருடம் வேர், அடுத்த வருடம்தான் பூ.
பல்லாண்டுச் செடி.
எங்கள் வாடகை ஒப்பந்தம்
பதினோரு மாதம்.
வினோதா புனேக்குப் போகிறாள்,
நூர்ஜஹானுக்கு நிச்சயமாகிவிட்டது,
அவன் இல்லை, வேறொருவர்.

ஏப்ரலில் இலை ஓரம் கருகத் தொடங்கியது.
மேலே செத்தாலும் வேர் இருக்கலாம்.
இருக்கலாம்.

ஓனர் போன் செய்தார்.
"புதுப்பிக்கிறீங்களா, காலி பண்றீங்களா?"
ஒரு கையில் தொட்டி.
தட்டின் உயரம் போதுமா என்று
அளந்துகொண்டிருந்தேன்.
ஒரு நிமிஷம் சார் என்றேன்.
கதவு திறந்தே இருந்தது.