ஏழாவது கூடு

விண்ணப்பத்தின் ஏழாவது கூட்டில்
சிங்களத்தில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஒரு சொல்,
தமிழில் "நாக்கு வகை" என்றிருக்கிறது.
யார் மொழிபெயர்த்தாரோ.
பட்டறையில் நாங்கள் அதை வால் என்போம்.
பிடிக்குள்ளே போகிற இரும்பு,
வெட்டாத பாதி.

மாளிகாவத்தை. பவாஸ் நானாவின் பட்டறைப் பின்பக்கம்.
பஞ்சிகாவத்தையில் நிறுத்து வாங்கிய
லொறி வில்லுத்தகடு
மூன்று துண்டாகக் கிடக்கிறது.
பரீட்சைக்கு இரண்டு கிழமை.
தொங்குகிற கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும்,
இரண்டுக்கு நான்கு பலகையை இரண்டு தரம் துண்டாட வேண்டும்,
அதற்குப் பிறகும் அதே கூரால்
கை மயிர் சிரைக்க வேண்டும்.
கடைசியில் இடுக்கியில் இறுக்கித்
தொண்ணூறு பாகை வளைப்பார்கள்.
கூர் வெடிக்கலாம். அலகு முறியக் கூடாது.
முறிந்தால் அடுத்த வருஷம், திரும்பவும் கட்டணம்.

முழு வால் போடு என்கிறான் ரினோஸ்.
பிடி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கும் இரும்பு,
இரு பக்கமும் பலகை, மூன்று ஆணி.
"ஒளிக்க ஒன்றுமில்லை, பார்.
கண்ணால் கண்டதற்குத்தான் புள்ளி."
போன வருஷம் தேறியவன்.
சும்மா தட்டிவிட முடியாது.

ஆனால் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து
என்னிடம் திருத்த வருகிறதெல்லாம் முழு வால்.
ஆணியைத் துளைத்தெடுத்துப் பலகையைப் பெயர்த்தால்
உள்ளே செங்களியாய்த் துரு,
செதில், உப்பு,
எந்த வருஷத்துப் பாரையோ, அதன் நாற்றம்.
இந்த ஊர்க் காற்று
கிடைத்த இடுக்கிலெல்லாம்
வாடகை கொடுக்காமல் குடியிருக்கும்.

ஒளிவால் என்றால் வேறு பயம்.
தோளில் முறியும்,
அலகு முடிந்து வால் தொடங்குகிற இடத்தில்.
சதுரமாக அராவினால் பார்க்க அழகு,
அந்த மூலைக்குள்தான் விரிசல் முட்டையிடும்.
முதல் துண்டு அப்படித்தான் போனது,
டங் என்று, பவாஸ் நானாவின் தேநீர் வேளையில்.
இரண்டாவது என் அவசரத்தில்:
அலகோடு வாலையும் எண்ணெயில் தோய்த்துவிட்டேன்,
கண்ணாடிபோல் போய்விட்டது.
மூன்றாவதுக்கு வட்ட அரம்.
தோளில் ஒரு நெல்மணி அளவு வளைவு விட்டேன்.
வாலைத் தோய்க்காமல் குறடால் பிடித்திருந்தேன்.
அது மெத்தென்றே இருக்கட்டும்.

முதிரைக் கட்டை வாங்க
ஆமர் வீதிக்கு நடக்கையில் மறித்தார்கள்.
பொலிஸ்காரர் செய்தித்தாள் சுற்றைப் பிரித்தார்.
எந்தப் பக்கத்தால் பிடிப்பதென்று தெரியாமல்
இரண்டு விரலால் வாலைத் தூக்கினார்.
"கத்தியா?"
"இன்னும் இல்லை" என்றேன் சிங்களத்தில்.
அடையாள அட்டையில் சுகிர்தமலர் என்பதை
இரண்டு தரம் வாசித்தார்.
பிறகு, "பிடி எங்கே?"
"அதை வாங்கத்தான் போகிறேன், ஐயா."
சிரித்தாரா தெரியவில்லை.
தாளை மட்டும் நான் சுற்றியதைவிட
ஒழுங்காகச் சுற்றித் தந்தார்.

அன்றிரவு வாலைப் பழுக்கக் காய்ச்சிக்
கட்டைக்குள் இறக்கினேன்.
முதிரை எரிகிற வாசம் மூன்றாம் மாடிவரை போய்
யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
இறங்கி, இறங்கி,
மறு முனையில் மூச்சு விட எட்டிப் பார்த்தது வால்,
ஒரு மிளகளவு.
வெட்டிவிடத்தான் நினைத்தேன்.
பித்தளை வில்லை ஒன்றைக் கோத்து
அந்த மிளகைச் சுத்தியலால் தட்டிப் பரப்பினேன்.
முழுக்க ஒளிந்ததுமில்லை இப்போது,
முழுக்கத் தெரிவதுமில்லை.

ஏழாவது கூட்டில் இரண்டு சதுரம்தான்.
முழு. மறை.
நான் பக்கத்து வெள்ளையில்
ஒரு கத்தி கீறி,
பிடிக்குள்ளே புள்ளிக்கோடாய் வாலை இழுத்து,
குதியில் ஒரு பொட்டு வைத்தேன்.

பரீட்சகர் விதானகே படத்தைப் பார்த்தார்.
கத்தியைக் கவிழ்த்து
பொட்டைப் பெருவிரலால் தேய்த்தார்.
காதருகே வைத்துப் பிடியைத் தட்டினார்,
இளநீர் பார்ப்பதுபோல.
ஒன்றும் எழுதவில்லை.
"கயிறு கட்டியாச்சு, வாங்க" என்றார்.
மண்டபத்து மின்விசிறியை
யாரோ நிறுத்தினார்கள்.
கயிறு இன்னும் கொஞ்சம்
ஆடிக்கொண்டிருந்தது.