எந்த வண்டிக்கு

"பிக்கப் மாத்தணும், கொஞ்சம் அட்வான்ஸ் வேணும்" என்றேன்.
"எந்த வண்டிக்கு?" என்று கேட்டார் டென்னிசன்,
கையில் ஒரு பம்ப்செட் மோட்டாரின் குடலோடு.

வண்டிக்கு இல்லை.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழலில்
பகல் முழுக்கச் செம்புக் கம்பி சுற்றுகிறவள்
ராத்திரி வாசிக்கும் கறுப்புக் கிட்டாருக்கு.
கம்பிகளுக்கு அடியில் படுத்துக்கிடக்கும் காந்தம்,
அதைச் சுற்றித் தலைமுடியிலும் மெல்லிய கம்பியில்
எட்டாயிரம் சுற்று.
மேலே உருக்குக் கம்பி அதிர்ந்தால்
கீழே மின்சாரம் ஊறும்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"அப்போ நம்ம மோட்டாருக்க தலைகீழு."
இதைவிடச் சுருக்கமாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
ஒற்றைக் காயில்: கண்ணாடிபோல் தெளிவு.
ஆனால் நாங்கள் வாசிக்கும் குலசேகரம் ரப்பர் ஷெட்டுக்குப்
பின்சுவரை ஒட்டி டிரான்ஸ்ஃபார்மர்;
அதன் முனகல் அத்தனையும் ஆம்ப்பில் வந்து குந்தும்.
இரட்டைக் காயில்: ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியது,
முனகலை முனகலால் கொல்லும்.
அதிலும் எந்தக் காந்தம்?
செராமிக் காந்தாரி மிளகாய்,
நாக்கில் பட்டதும் வேறெதுவும் தெரியாது.
அல்நிக்கோ, விலையைப் பார்த்துவிட்டு
பில் புத்தகத்தை மூடினேன்.

ஷிபின் சொன்னான்: செராமிக், கண்ணை மூடிட்டு வாங்கு.
ஜெர்லின் சொன்னாள்: முதல்ல அந்த ஆம்ப்பைத் தூக்கிக் கடல்ல போடு.
அருமனை பஸ்ஸில் இயர்போன் மாட்டி
பத்தொன்பது மாதிரிகள் கேட்டேன்.
பத்தொன்பதிலும் பிரேக் சத்தம்தான் நன்றாக இருந்தது.

நானே சுற்றிப் பார்த்ததும் உண்டு.
தையல் மெஷின் மோட்டாரில் பாபின் மாட்டி
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில்
அறுந்தது தெரியாமல்
இன்னும் இருநூறு சுற்றினேன் வெறுங்காற்றை.

கடைசியில் நாகர்கோவிலில் ஒருவன் கிட்டாரில்
அல்நிக்கோ கேட்டேன்.
வால்யூமைப் பாதிக்குக் குறைத்தும்
கோபம் குறையவில்லை.
"இங்க ஆம்பிளை யாரும் இல்லியா?" என்று
கடைவாசலில் கேட்கிறவர்களுக்கு
நான் பதில் சொல்கிற அதே குரல்.
போதும், இதுதான் என்றேன்.

காசு ஒன்றுக்குத்தான் பற்றியது.
பிரிட்ஜ் பக்கம் புதியது, கழுத்துப் பக்கம் பழசே இருக்கட்டும்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சால்டர் வைத்தேன்.
சிவப்பும் வெள்ளையும் முறுக்கி டேப்,
பச்சையும் உறையில்லாததும் எர்த்துக்கு,
கறுப்பு சுவிட்சுக்கு.
பூண்டுபோல் சுருண்ட புகை மூக்கில் ஏறியது.

தனித்தனியாக இரண்டும் கொள்ளாம்.
சுவிட்சை நடுவில் வைத்தேன்:
ஒன்று தள்ள ஒன்று இழுத்து,
அடிவயிறே இல்லாத ஒரு சத்தம்,
கிணற்று உறைக்குள்ளிருந்து யாரோ
பேர் சொல்லாமல் கூப்பிடுவதுபோல.

"ரிவர்ஸ்ல ஓடுது" என்றார் டென்னிசன்,
குனிந்து ஷட்டருக்குள் தலையை நீட்டி.
"ரெண்டு வயரை மாத்திக் குடு."
தெரியும். ஒரு நாளைக்குப் பத்து மோட்டாருக்கு
செய்கிற வேலைதான்.
"கிடக்கட்டும்" என்றேன்.

சனிக்கிழமை ஷெட்டுத் தகரத்தில் அடைமழை.
ஆசிட் நெடி, தொங்கும் ஷீட்டுகள்.
மூன்றாவது பாட்டின் பாதியில்
சுவிட்சை நடுவுக்குத் தள்ளினேன்.
சத்தம் மெலிந்து மழைக்கு உள்ளே போனது.
ஷிபின் குச்சியைத் தூக்கியவன்
அடிக்காமல் அப்படியே நின்றான்.
நாலு மாத்திரை இருக்கும்.
பிறகு பிரிட்ஜுக்குத் திருப்பினேன்.

மாதம் ஆயிரம் சம்பளத்தில் பிடித்தம்.
ஏழு மாதம்.