அரைச் சுற்று

பிரபாதேவியில் நான்காம் மாடி.
காவலாளி என் குடையை வாங்கி
அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டினார்.
ஈரம் உள்ளே வரக் கூடாத இடம்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி
கறுப்பு வெல்வெட் தட்டில் வைத்தேன்.
நூறு மீட்டர் ஆழம்வரை நீர் புகாதென்று
அதன் முதுகில் பொறித்திருக்கிறது.
கடலில் நான் இறங்கியதே இல்லை.
கிங்ஸ் சர்க்கிளில், முழங்கால் தண்ணீரில்,
ஒரு டாக்ஸியின் பம்பரைத் தள்ளினேன். அவ்வளவுதான்.
மறுநாள் கண்ணாடிக்கு உட்புறம்
நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில்
யாரோ மூச்சு விட்டதுபோல் ஆவி.

விலை நாலு லட்சத்துப் பத்தாயிரம்.
வீட்டில் மூணு என்று சொல்லியிருக்கிறேன்.

டெல்னாஸ் என்றது பெயர்ப்பட்டை.
ரசீது, உத்தரவாத அட்டை, ஆதார் நகல்,
தேதிவாரியாக ஒரே கிளிப்பில் கோத்து நீட்டினேன்.
"இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவருவதில்லை சார்."
நான் இன்ஷூரன்ஸ் சர்வேயர் என்று சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருடம்
மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன்.

பதினாறாம் நாள் கடிதம் வந்தது:
*சாவித் திருகு முழுமையாக மூடப்படவில்லை.
அரைச் சுற்று இடைவெளி வழியே நீர் புகுந்துள்ளது.
தயாரிப்புக் குறை அல்ல.
வருந்துகிறோம்.*

இரண்டு முறை படித்தேன்.
எழுதியது யாரோ, கைதேர்ந்த ஆள்.
திருகை யார் மூடவில்லை என்று சொல்லவில்லை,
யாரையும் திட்டவில்லை,
வருத்தம் மட்டும் பன்மையில்.

நானும் இப்படித்தான் எழுதுவேன்.
பிவண்டியில் இப்படித்தான் எழுதினேன்:
*ஷட்டர் முழுமையாக இறக்கப்படவில்லை.
இரண்டு விரற்கடை இடைவெளி வழியே…*

இக்பால் மோமின். கோரா துணி.
முந்நூற்றுப் பன்னிரண்டு பொதி,
அடிவரிசை முழுக்க ஊறி உப்பி
புளித்த மாவின் வாசனை.
அளவெடுக்க நான் குனிந்தபோது
டார்ச் பிடித்தது அவர்தான்.
ரெண்டு விரலா, மூணா என்று கேட்டேன்.
தன் விரலையே இடுக்கில் வைத்துப் பார்த்து
ரெண்டு என்றார்.
அதை எழுத
என் படிவத்தில் கட்டம் இருந்தது.
அவர் சொன்னார் என்பதை எழுத இல்லை.

நான் மறுமுறையீடு செய்தேன். செய்யத் தெரியும்.
பட்டை மாற்றித் தந்த அன்று
கடைசியாகத் திருகியது உங்கள் ஆள் அல்லவா,
அதற்குப் பதிவேடு உண்டா,
கையெழுத்து உண்டா?
மூன்று பத்தி. ஒரு பிழை இல்லை.

உண்மை இது:
ஜூனுக்கு முப்பது நாள்தான் என்பது
நாலு லட்ச ரூபாய்க் கடிகாரத்துக்குத் தெரியாது.
ஜூலை ஒன்றாம் தேதி, செம்பூர் ரயிலில்,
முப்பத்தொன்றை ஒன்றாக்கத் திருகை இழுத்தேன்.
மூடுவதற்குள் குர்லா வந்துவிட்டது.

அடுத்த பதில் சுருக்கமாக இருந்தது.
*நல்லெண்ண அடிப்படையில், ஒருமுறை மட்டும்,
கட்டணமின்றி.*

நல்லெண்ணம்.
அலுவலகத்தில் எங்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
நகரம், நகை, நதிவெள்ளம், நஷ்டக்கழிவு…
பிறகு ஆவண அறைக்குப் போனேன்.
எட்டு வருடம் தாண்டிய கோப்புகளை
அரைத்துவிடுகிறோம் என்றார் பொறுப்பாளர்.
மோமினுடையது ஒன்பது.
எதற்கு சார் என்றார்.
சும்மா என்றேன்.

கடிகாரம் செப்டம்பர் கடைசியில் வந்தது.
புது ரப்பர் வளையம், புதுக் கண்ணாடி,
அழுத்தச் சோதனைச் சான்றிதழ்.
டெல்னாஸ் எனக்குத் திருகிக் காட்டினாள்:
"தடுக்கும் வரை, சார். அதற்கு மேல் வேண்டாம்."

இன்று அக்டோபர் ஒன்று.
கடிகாரம் முப்பத்தொன்று என்கிறது.
திலக் நகர் தாண்டியதும் இழுத்தேன், தேதி மாற்றினேன்,
அழுத்தித் திருகத் தொடங்கினேன்.
முதுகில் முட்டுகிறார்கள். உதர்னா ஹை க்யா?
ஒரு சுற்று. இன்னொன்று.
விரல்நுனியை வைத்துப் பார்த்தேன்,
இடுக்கு இருக்கிறதா என்று.

சூனாபட்டியில் இறங்கி
எதிர் வண்டிக்குக் காத்திருக்கிறேன்.