ஒன்பதாயிரத்துக்கு மூன்று குறைவு

முஷேக் அந்தப் பஜேரோவை வாங்கி வந்த அன்று
நான் கேட்டது ஒன்றுதான்:
நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?
அவன் டயரைத் தட்டிக் காட்டினான்.
ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின்,
செலிம் கணவாயைச் சேறோடு விழுங்கிவிடும் என்றான்.
விழுங்கியது.
பதினெட்டு லிட்டர்.
யானையைக் கட்டியாகிவிட்டது,
கரும்பு விலை பேச வேண்டியவள் நான்.

கவாரில் ஒரு மருந்துக்கடைக்குக் கணக்கு எழுதுகிறேன்.
புள்ளி ஓரிடம் நகர்ந்தாலும் எனக்குத் தூக்கம் பிடிக்காது.
எரிவாயுவுக்கு மாற்ற மூன்றரை லட்சம் திராம்.
நூறு கிலோமீட்டருக்கு மிச்சம்
மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
போட்ட காசு திரும்பிவர
ஒன்பதாயிரத்துக்கு மூன்று கிலோமீட்டர் குறைவு.
அடுப்பங்கரைச் சுவரில், நாட்காட்டிக்குக் கீழே,
பென்சிலால் எழுதி வைத்தேன்: 8997.

நான்கு உருளைகள் வந்து பின்னால் படுத்துக்கொண்டன,
சிவப்பாய், கொழுத்து,
கிளம்பவே கிளம்பாத விருந்தாளிகள்.
மூன்றாம் வரிசை இருக்கை கொட்டகைக்குப் போனது.
நசேலியின் பனிச்சறுக்குப் பலகை கூரைக்கு ஏறியது.
ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு கொஞ்சம் குறைந்தது.
அதற்கு நான் கட்டம் போடவில்லை.

ஆறாயிரத்து இருநூறில் மூன்றாவது சிலிண்டர் இருமியது.
வால்வு கருகிவிட்டது என்றான் சாசூன்,
கையைத் துடைத்தபடி, துக்கம் விசாரிக்க வந்தவன் குரலில்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
நான் அதைத் திராமில் எழுதவில்லை.
நாலாயிரத்து அறுநூற்று இருபத்தேழு கிலோமீட்டர்
என்று எழுதினேன்.
அவ்வளவு தூரம் பின்னோக்கி ஓட்டியிருக்கிறோம்.

பெட்ரோலை மட்டும் தொட விடமாட்டேன்.
முள் சிவப்பிலேயே கிடந்தது, மாதக்கணக்கில்.
ஈரமில்லாமல் சுழன்று சுழன்று
தொட்டிக்குள் பம்பு எரிந்துபோனது
என்று எங்களுக்குத் தெரிந்தது ஜனவரியில்,
கணவாயின் உச்சியில், இரவு பத்து மணிக்கு,
மைனஸ் பதினெட்டில்.
காற்றில் பறந்துபோன தார்ப்பாயைத் தேட
பத்து நிமிடம் என்று அணைத்த எஞ்சின்,
ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.
குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலில்தான் எழும்.
பெட்ரோல் வரவில்லை.
வாயுவில் முயன்றோம்,
ரெகுலேட்டர் உறைந்து வெள்ளையாய்ப் பூத்தது.

முஷேக் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
பிளாஸ்கைக் கேட்டான்.
தைம் இலை போட்ட டீ, இரண்டு கோப்பை மிச்சம்.
சர்க்கரை போட்டதா?
இல்லை.
நல்லது, ஒட்டாது என்றான்.
போனெட்டுக்கு அடியில் மலையின் வாசம் எழுந்தது.
நசேலி அதை முகர்ந்து, எனக்கும் வேண்டும் என்றாள்.
மூன்றாவது முறை பற்றியது.

அந்த டீயை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்று மார்த்துனியில் வாயு நிரப்பினோம்.
வழக்கம்போல எல்லோரையும் இறக்கி
சுவருக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு அனுப்பினார்கள்.
ஹீட்டர், பெஞ்சு, காப்பி இயந்திரம்.
கண்ணாடி வழியே பார்த்தால்
கதவெல்லாம் திறந்து நிற்கும் வண்டி,
சோதனைக்குச் சட்டையைக் கழற்றியவன் மாதிரி.
ஏன் நாம் இறங்கவேண்டும் என்றாள் நசேலி.
வெடித்தால் வண்டியோடு போகட்டும் என்று
முஷேக் சொன்னான்.
அப்போ அந்த மாமா?

குழாயைப் பிடித்தபடி ரஸ்மிக் நின்றார்,
காதுமடல் சிவந்து, கையுறையில் ஓட்டையோடு.
நாற்பத்திரண்டு கனமீட்டர்.
பத்தாயிரத்து ஐந்நூறு என்று விரல்களால் காட்டினார்.
அவருக்கு ஒரு காப்பி எடுத்துப் போனேன்.
இருநூறு திராம்.
உள்ளே கொண்டு போங்கள், இங்கே யாரும்
நிற்கக் கூடாது என்றார்.

பேனெட் மூடும் சத்தம் கேட்கும்வரை
காப்பியைப் பிடித்துக்கொண்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
சுவரில் இன்னும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பாக்கி.