மொத்த எடை, வண்டி எடை

சங்ககிரி பைபாஸில் எடைமேடை.
ராத்திரி ஷிப்ட் எனக்கு.
லாரி ஏறும்.
கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள்
தடுமாறித் தடுமாறி ஒரு நிலைக்கு வரும்.
மொத்த எடை, அதில் வண்டி எடை போனால்
சரக்கு.
சில்லறையா இருந்தா நல்லதுங்க.

பில் கட்டின் பின்னட்டையில்
என் கணக்கு தனி.
செவ்வாய்: எழுபத்தைந்து, ஐந்து முறை, மூன்று சுற்று.
வெள்ளி: எழுபத்தேழரை.
அடுத்த வெள்ளி காய்ச்சல்.

டயர் ரீட்ரேடிங் கடைக்கு மாடியில் ஜிம்.
ரப்பர் வேகும் வாசனை
தரை வழியாக ஏறி வரும்.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப்
பகலெல்லாம் தூங்கி,
மாலை ஐந்துக்குப் போவேன்.
தூக்குவது இங்கே,
வளர்வது அந்தக் கறுப்புத் துணிக்குப் பின்னால்.

முதல் ஆறு வாரம்
தொடையில் ஒரு நூல் கூடவில்லை,
கம்பியில் மட்டும் இருபது கிலோ கூடிவிட்டது.
'நரம்பு கத்துக்குது கோகிலா,
சதை பின்னால வரும்' என்றாள் ரெஜினா,
அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்.
நின்றுபோன லாரியைத் தள்ள வருகிறவர்கள்
முதலில் ஆளுக்கொரு பக்கம் தள்ளுவார்கள்.
யாரோ 'ஐலசா' சொன்ன பிறகுதான்
ஒட்டுக்காச் சேரும் கை.

எள்ளா கொள்ளா என்று
இளைத்தவருக்கும் கொழுத்தவருக்கும்
பழமொழி பிரித்து வைத்திருக்கிறது.
நான் இரண்டையும் தின்றேன்,
கூட நாலு முட்டை.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே
மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.
எனக்கு அதுதான் பழகவில்லை.
எழுந்து துண்டை மடித்தேன்,
தட்டுகளை அடுக்கினேன்.
ரெஜினா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

புதன்கிழமை கனம் குறைவு, வேகம் அதிகம்.
ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து ஏறுவதும் பலம்தான்,
பச்சை விழுந்ததும் சீறிக் கிளம்புவது வேறு.
அதற்கும் தனியாகப் பழக்க வேண்டும்
இந்த வண்டியை.

சித்திரையில் நூறு தூக்கினேன்.
ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன், அரைக்கிலோ.
ஷாஜகான் தின்றுகொண்டே சொன்னான்:
'தட்டெல்லாம் பழைய வார்ப்படங்க்கா,
பட்டறையில ஊத்துனது.'

அன்றிரவு மேடைக்கு
அவன் குட்டியானை வந்தது.
வெறும் வண்டி: எண்ணூற்றுத் தொண்ணூறு.
இருபது என்று எழுதிய தட்டுகள் இருபதை ஏற்றினோம்.
நானூறு கூட வேண்டும்.
எண்கள் தடுமாறின, நின்றன.
ஆயிரத்து இருநூற்று அறுபது.

மறுபடி ஏற்றினோம். அதே எண்.

தட்டுக்குப் பதினெட்டரை.
கம்பியைக் காலையில் அரிசி மண்டித் தராசில் போட்டேன்,
அது மட்டும் ஒழுங்கு, இருபது.
என் நூறு தொண்ணூற்று நான்கு.
ஜிலேபி அரைக்கிலோ சரியாகத்தான் இருந்தது.

'சதைக்கு எழுத்துப் படிக்கத் தெரியுமா?
இழுவைதானே தெரியும்,
நீ வளர்ந்தது வளர்ந்ததுதான்' என்றாள் ரெஜினா.
உண்மை.
ஆனால் ராத்திரி முழுக்க
அடுத்தவர் சரக்கில் பத்துக் கிலோ விட்டுக்கொடுக்காதவள் நான்.
பின்னட்டையில் நூறை அடித்தேன்.

ஐந்து வாரம்.
நான்காவது வாரம் பாதிக் கனம்,
உடம்பு கடனை அடைக்கட்டும் என்று.
ஐந்தாவது வெள்ளி:
கம்பி, நாலு பெரிய தட்டு,
தராசில் தேறிய இரண்டரை இரண்டு.
தொண்ணூற்றொன்பது.
மீதிக்கு மளிகைக் கடையில் கேட்டு வாங்கிவந்த
அரசு முத்திரை குத்திய
அரைக்கிலோ எடைக்கல் இரண்டு,
சாக்குத் தைக்கும் சணலில்
பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினேன்.

மூச்சை வயிற்றில் கட்டிக்
காலால் தரையைத் தள்ளினேன்.
முட்டிக்கு மேல் கம்பி தயங்கியது,
எண்கள் நிலைக்கு வரும் முன் தயங்குமே, அப்படி.
ஊசலாடிய கற்கள் சட்டென்று இழுத்துப் பிடித்தன.
நிமிர்ந்தேன்.

கீழே ரப்பர் வெந்துகொண்டிருந்தது.
ரெஜினா போனில் மூன்று நிமிடம் வைத்தாள்.
எண்பதில் இன்னும் இரண்டு சுற்று பாக்கி.
இந்தமுறை எழுந்திருக்கவில்லை,
சும்மா உட்கார்ந்தேன்.