மூன்று நிமிடம் வேலி இல்லை

சமையலறை மேசையில் கணினி.
ஜன்னல் வழியே இறங்கி
கோழிக்கூண்டைச் சுற்றி, யூக்கலிப்டஸைத் தாண்டி
நாற்பது மீட்டர் கம்பி
பட்டி வாசலில் திருகி வைத்த
உள்ளங்கை அகலப் பலகையில் போய் முடிகிறது.
தாக்குவரெம்போவில் ஜூலை. உறைபனி.
விரல்களை ஊதி ஊதித் தட்டுகிறேன்.

நான் எழுதியபோது நிரலில்
‘ஆடு’ என்றொரு சொல் இருந்தது.
‘வாசல்’ இருந்தது. ‘ஒன்று கூட்டு’ இருந்தது.
தொகுத்து முடித்த பிறகு
ஆடும் இல்லை, வாசலும் இல்லை.
எண்ணும் எழுத்துமாய் நூற்று இருபத்தொன்பது வரிகள்.
தலையில் ஒரு முக்காற்புள்ளி,
வாலில் ஒரு சரிபார்ப்பு எண்.
வரியைக் கூட்டி வாலையும் சேர்த்தால்
மிச்சம் பூஜ்ஜியம் வரவேண்டும்.
வந்தால், பலகை ஒரு புள்ளி வைக்கும்.
வராவிட்டால் கேள்விக்குறி.
அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

பதினேழாம் வரியில் கேள்விக்குறி.
மறுபடி அனுப்பினேன்: நாற்பதில்.
மறுபடி: மூன்றிலேயே.
வேகத்தைக் குறைத்தேன்,
நொடிக்கு முப்பது எழுத்து,
மூட்டு வலிக்காரர் படியேறுகிற மாதிரி.
ஒன்பதில் நின்றது.
டெல்மிரா பூசணி நறுக்கிக்கொண்டே கேட்டார்:
“மொந்தெவிதேயோவில் இது வேலை செய்ததா?”
செய்தது.
அங்கே கம்பி ஒரு முழம்.
அதை நான் சொல்லவில்லை.

கத்தி நின்ற ஓர் இடைவெளியில்தான் கேட்டது.
வானொலியில், பாட்டுக்கு அடியில்,
டக்.
டக்.
டக்.
மின்வேலி.
நொடிக்கொரு முறை ஆடுகளுக்குச் சொல்கிற அதே சேதியை
என் கம்பிக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

வேலியை நிறுத்தச் சொன்னேன்.
வில்மார் மாத்தேயை ஓர் உறிஞ்சு உறிஞ்சி
என்னை ஒரு முறை, மேய்ச்சலை ஒரு முறை பார்த்தான்.
“ஆட்டுக்குத் தெரியாது” என்றேன்.
“ஆட்டுக்குத்தான் தெரியும்” என்றான்.
நிறுத்தினான்.

புள்ளி. புள்ளி. புள்ளி.
திரையில் ஒரு வரி கோலப்புள்ளி போல நீண்டது.
அறுபது. தொண்ணூறு.
மூச்சுக்கூட விடாமல் நின்றேன்,
என் மூச்சும் ஒரு மின்தடங்கல் என்பதுபோல.
கடைசி வரி எந்த நிரலுக்கும் ஒன்றேதான்:
பூஜ்ஜியங்கள், ஓர் ஒன்று, இரண்டு எஃப்.
இத்தோடு முடிந்தது என்று அர்த்தம்.
புள்ளி.

ஆடுகளை விட்டோம்.
ஒளிக்கோட்டை ஒவ்வொன்றாய் அறுத்துக்கொண்டு
தொழுவுக்குள் போயின.
பலகை சொன்னது: 411.
வில்மார் சொன்னான்: காலையில் நானூற்றுப் பன்னிரண்டு.
டெல்மிரா எதுவும் சொல்லவில்லை.
கூட்டும் வரியைத் தேடினேன்.
குற்றம் கண்டுபிடிக்க முடியாத வரி,
ஆனால் குற்றம் என்மேல்தான் என்று
மூன்று பேருக்கும் தெரியும்.

நாய்தான் முதலில் பார்த்தது.
நெடுஞ்சாலை ஓரத்தில்,
காதில் மஞ்சள் வில்லையோடு,
வேலிக்கு அந்தப் பக்கம் புல் எப்படி என்று
நிதானமாக ருசி பார்த்துக்கொண்டிருந்தது
நானூற்றுப் பன்னிரண்டாவது.
மூன்று நிமிடம் போதுமாயிருந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம். வெளியே காட்ட முடியாத சந்தோஷம்.
நிரல் சரி.
வில்மார் அதை இழுத்துக்கொண்டு வாசலைக் கடந்தான்,
ஆடு முன்னே, இவன் பின்னே.
பலகை சொன்னது: 413.

டெல்மிரா சிரித்த சிரிப்பில்
பூசணி விதைகள் தரையில் சிதறின.

இரவு திருத்தினேன்: மனிதனைக் கழிக்க ஒரு வரி.
மறுபடி அனுப்பவேண்டும்.
வேலியை நிறுத்த எவருக்கும் மனமில்லை.
வில்மார் விளக்கோடு வெளியே போனான்.
திரும்பி வந்து
மேசையில், கணினிக்கு ஒரு முழம் தள்ளி
பலகையை வைத்தான்.
பக்கத்தில் நான்கு திருகாணிகள்.
மாத்தேக்கு வெந்நீர் ஊற்றினான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
பேசியிருக்கலாம்.