குனிதல்

உதகையில் எங்கள் நீதிமன்றம் திங்கட்கிழமைகளில்.
ஆயரகத்துப் பின்கட்டு,
வெள்ளைக்காரர் காலத்தில் கரி கொட்டிய அறை. வாசல் தாழ்வு.
ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, நாலு நாற்காலி,
பாடுபட்ட சுரூபம்.
நான் எழுத்தர்.

திங்களுக்கும் காரணம் உண்டு என்பார் நீதிபதி, தந்தை தைனேசியுஸ்:
ஆதித் திருச்சபையில் ஆயர்கள்
வாரத்தின் தொடக்கத்திலேயே வழக்கை எடுப்பார்களாம்,
ஞாயிறு அப்பம் பிட்குமுன்
பகைத்தவர்கள் பேசிக்கொள்ள
நாலைந்து நாள் மிச்சமிருக்கட்டும் என்று.
அது யேசுவின் பங்கு.
மீதி ரோமாபுரியின் பங்கு:
ஒற்றைச் சாட்சி சாட்சியல்ல.
எதிராளியைக் கேளாமல் தீர்ப்பில்லை.
எழுதாதது நடக்காதது.
நம்மைச் சிங்கத்துக்குப் போட்டவர்களின் சட்டத்தை
நாம்தான் பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறோம்.

பிரகாசியம்மாள்.
கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம்.
அட்டனிலிருந்து எழுபத்து நான்கில் வந்தவர்.
குடும்பமாயிருந்தால்தான் கப்பலில் பெயர் என்று
யாரோ சொல்லிவிட, மூன்றே நாளில் கல்யாணம்.
சந்தியாகு மண்டபம் முகாமிலேயே பிரிந்து போனான்.
அழைப்பாணை மூன்று முறை திருப்பூர் போய்
மூன்று முறை திரும்பிவிட்டது.

"இத்தனை வருஷம் கழித்து எதற்கம்மா?"
"செத்தா கல்லுல 'சந்தியாகு மனைவி'ன்னு வெட்டுவாங்க சாமி."

"பீடத்தின் முன் 'சம்மதம்' என்று சொன்னீர்களா?"
"பேசல. குனிஞ்சேன்."

பிணைப்புக் காவலர் எழுந்தார். தந்தை பெர்க்மான்ஸ்,
ஆறடி இரண்டங்குலம்.
திருமணம் நிற்கிறது என்று வாதாடுவது அவர் வேலை,
மனசு என்ன சொன்னாலும்.
மௌனம் சம்மதம், ரோமிலும் அதுதான், நம்மூரிலும் அதுதான்.
எழுதுங்கள்: தலையசைத்துச் சம்மதித்தார்.

"தாலி ஏறணும்னா குனியத்தானே வேணும்?
கூடைக்கயிறு தலைக்கு ஏறணும்னாலும் குனியத்தான் வேணும்.
முப்பது வருசமா குனியறேன்,
தோட்டத்தையா கட்டிக்கிட்டேன்?"

பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.
சன்னலில் மஞ்சு ஏறிச்
சைப்ரஸ் மரங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டு போனது.
தந்தை தைனேசியுஸ் வெகுநேரம் பேசவில்லை.
அதைச் சம்மதம் என்று யாரும் எழுதச் சொல்லவில்லை.
பிறகு,
"குனிந்தார் என்றே எழுது.
அவர் சொன்னது அந்த வார்த்தைதான்."

அக்காள் ஒருத்திதான் சாட்சி.
இன்னொருவர் வேண்டும்.
தாலி கட்டும்போது பெட்ரோமாக்ஸ் பிடித்த பையன்
கூடலூரில் இருக்கலாம் என்றார். ஒத்திவைத்தோம்.
கைநாட்டு வைத்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

பெர்க்மான்ஸ் சாமி முதலில் கிளம்பினார்,
கோப்பை அக்குளில் இடுக்கி,
அந்தத் தாழ்ந்த வாசலில் பாதி உடம்பை மடக்கி.
"இப்ப எதுக்குச் சம்மதிச்சீங்க சாமி?"
திடுக்கிட்டு நிமிர்ந்தார்.
நிலையில் நெற்றி இடித்த சத்தம்
எங்கள் மூவருக்கும் கேட்டது.

விசாரணை முடிந்த பின் நடந்தது, பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில், பென்சிலால்,
எழுதி வைத்தேன்.